ஏட்டில் ஏறாத நாணயம்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயந்தான். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயந்தான். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படை நம்பிக்கையே என்பதை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். வகுப்பறையில் இச்சொல்லைப் பன்முறை விளக்கியிருக்கின்றேன். ஆயினும், இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு தொலைவு விலகி நிற்க முடியும் என்பதை, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஒரு வங்கியின் மேசை முன் அமர்ந்திருந்த ஒரு காலைப் பொழுதில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வட்டாரத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல அங்கே குடியேறின. அக்கட்டடங்களுள் ஒன்றன் அடியில், விடியற்காலை ஐந்து மணிக்கே ஓர் அம்மையார் இட்டிலியும் தோசையும் வடையும் விற்கத் தொடங்கிவிடுவார். அவர் மகன் என்னிடம் படித்தவன். கணவர் மறைந்த பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அடுப்பு ஒன்றே அக்குடும்பத்தைக் காத்து வந்தது. சீனர் மளிகைக் கடையில் அரிசியும் உளுந்தும் எண்ணெயும் கடனாக வாங்குவார். '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகத்தில் கணக்கு ஏறும். சனிக்கிழமை மாலை தவறாமல் அது தீரும். ஒரு வாரம் தவறினார் என்று கடைக்காரர் சொல்ல நான் கேட்டதில்லை.

2023ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. அருகிலிருந்த உணவங்காடியில் ஓர் இடம் காலியாயிற்று. முன்பணத்துக்கும், மாவரைக்கும் இயந்திரத்துக்கும், ஒரு குளிர்ப்பெட்டிக்குமாக எண்ணாயிரம் வெள்ளி தேவைப்பட்டது. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த தாள் ஒன்றிலிருந்து தொலைபேசி எண்ணை யாரோ அவருக்குக் குறித்துக் கொடுத்திருந்தனர். அத்தாள்களை ஒட்டுவோர் யார் என்பதை நம் நாட்டில் அறியாதார் இல்லை. நான் பதறிப்போனேன்.

"வேண்டாம் அம்மா. அந்தப் பக்கமே போகாதீர்கள். முறையாக வங்கிக்குப் போவோம், நானும் வருகின்றேன்" என்றேன்.

"வாத்தியார் ஐயா சொன்னால் சரிதான்" என்றார் அவர்.

அந்தச் சொல்தான் பின்னர் என்னை நெடுநாள் உறுத்தியது.

வங்கியில் எங்களை அமர வைத்துப் பேசிய அலுவலர் இளைஞர், பண்புள்ளவர். மூன்று மாதச் சம்பளச் சீட்டு உண்டா என்று கேட்டார். இல்லை. ஊழியர் சேமநிதிக் கணக்கு? இல்லை. வருமான வரிப் பாரம்? இல்லை. வணிகப் பதிவுச் சான்றிதழும், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும்? அவையும் இல்லை. அம்மையார் தம் துணிப்பையைத் திறந்து, அடையாள அட்டையையும், ஒரு சேமிப்புப் புத்தகத்தையும், நூலால் கட்டி வைத்திருந்த '555' புத்தகங்களையும் மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு அக்கட்டில் இருந்தது. இளைஞர் அதை மரியாதையோடு ஓரமாக நகர்த்திவிட்டுக் கணினியைப் பார்த்தார்.

"உங்கள் பெயரில் கெட்ட பதிவு ஒன்றும் இல்லை, அம்மா. ஆனால், எந்தப் பதிவுமே இல்லை" என்றார்.

"யாருக்கும் கடன்பாக்கி இல்லையென்றால் நல்லதுதானே, தம்பி?"

அவர் பதில் சொல்லாமல் புன்னகைத்தார். அப்புன்னகையில் ஏளனம் இல்லை; இயலாமைதான் இருந்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அம்மையார் சொன்னார்: "நாணயமாக இருந்தது எல்லாம் எங்கேயும் எழுதி வைக்காமல் போய்விட்டதே, ஐயா!"

அதே வாரத்தில், வேறொரு வங்கி என் கைப்பேசிக்குச் செய்தி ஒன்று அனுப்பியது. மாதந்தோறும் ஓய்வூதியம் வரும் எனக்கு, நான் கேளாமலே, அவர் கேட்டதைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட தொகையைக் கடனாகத் தர அது முன்வந்திருந்தது.

அன்றிரவு எனக்குச் சினம் மிகுந்தது. ஆயினும், யார்மீது சினங்கொள்வது என்று எண்ணிப் பார்த்தபோது, விடை எளிதாகக் கிடைக்கவில்லை. அந்த இளைஞர் விதிப்படி நடந்தார். அவ்விதியோ தீய எண்ணத்தில் பிறந்ததன்று. வங்கி கடனாகக் கொடுப்பது வங்கியின் பணம் அன்று. பெரும்பகுதி பிறர் நம்பி இட்ட சேமிப்பு. அதைக் காப்பதற்காகவே விதிகள் எழுந்தன. காவல் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை என் குடும்பம் அனுபவத்தால் அறியும்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் 'கூட்டு' நடந்தது. இருபது பேர் மாதம் பத்து வெள்ளி போடுவர். இருநூறு வெள்ளி சேரும். நடத்துபவருக்கு முதல் மாதம். அதன்பின் அவசரத் தேவை உள்ளவர் தள்ளுபடி கூறி எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்க்குப் பங்காகும். எழுத்துப் பத்திரம் இல்லை, பிணை இல்லை. பால்மரக் காட்டில் நிரை நிரையாக வேலை செய்த பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் நம்பிப் பணம் கட்டினர். திருமணங்களும், பள்ளிச் செலவும், தாயகப் பயணங்களும் அக்கூட்டுப் பணத்தில் நடந்தன. என் அக்காளின் திருமணத்துக்காக அம்மா கடைசிச் சீட்டுவரை காத்திருந்தார். 1969இல் கூட்டு நடத்தியவர் ஓரிரவில் ஊரை விட்டே போய்விட்டார். திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அம்மா அழவில்லை, அடுத்த நாள் வழக்கம்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போனார். அந்த மௌனம் இன்னும் என் நினைவில் இருக்கின்றது.

இத்தகைய ஏமாற்றங்கள் நாடெங்கும் நடந்தன. 1971இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன் பெயரிலேயே நம் சொல் இருக்கின்றது: 'கூட்டு நிதித் தடைச் சட்டம்'. கூட்டு, சீட்டு, சீனர் வழங்கும் 'ஹுவே' ஆகிய பெயர்களையெல்லாம் ஒன்றாகச் சுட்டி, இத்தகைய நிதி நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை அச்சட்டம் தடை செய்கின்றது. மலேசியச் சட்ட நூலில் ஒரு தமிழ்ச்சொல் ஏறியது குறித்து மகிழலாம். ஆனால் அது தடை செய்யப்பட்ட பொருளின் பெயராக ஏறியது என்பதையும் மறப்பதற்கில்லை.

காவலின் தேவையை நாடு மீண்டும் ஒருமுறை உணர்ந்தது. 1986இல், வைப்புத்தொகை திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் சிறு சேமிப்பாளர்கள். எனவே, விதியே வேண்டாம் என்று கூறுபவர் ஏழைக்கு நண்பர் அல்லர். தடுப்பார் இல்லாத இடத்தில் முதலில் விழுபவன் ஏழையே.

அப்படியாயின், காக்கும் விதி எவ்வாறு கதவை அடைக்கும் விதியாக மாறுகின்றது? மூன்று காரணங்களை நான் காண்கின்றேன்.

முதலாவது, சான்று. நம் நாட்டில் குடும்பக் கடன் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியின் முக்கால் பங்கை எட்டியிருந்த நிலையில், 2012 ஜனவரி முதல் நாள் தொட்டு, பொறுப்புடன் கடன் வழங்குவதற்கான நெறிமுறையைப் பேங்க் நெகாரா நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடன் கேட்பவரின் மொத்த வருமானத்தை அன்று, பிடித்தங்கள் போகக் கையில் வரும் நிகர வருமானத்தைக் கணக்கிட்டு, அவரால் கட்ட முடியுமா என்று வங்கி பார்த்தல் வேண்டும். நல்ல விதி. தாங்க முடியாத கடனில் பலர் விழாமல் அது காத்திருக்கும். ஆனால், வருமானத்தைப் பார்ப்பதற்குத் தாள் வேண்டும். நாள்தோறும் சில்லறையாகச் சேர்ந்து, நாள்தோறும் சரக்காக மாறும் வருமானத்துக்கு ஏது தாள்? 2001 முதல் மத்திய வங்கி நடத்திவரும் கடன் தகவல் ஏட்டில், வங்கியில் வாங்கிய கடனும் கட்டிய தவணையும் பதிவாகின்றன. மளிகைக் கடைப் பற்று அதில் ஏறுவதில்லை. கடன் பெற்றவரே அங்குப் பெயர் பெறுகின்றார். பெயர் பெற்றவரே மீண்டும் கடன் பெறுகின்றார்.

இரண்டாவது, முதல். வங்கி கொடுக்கும் கடனுக்கு ஏற்பத் தன் சொந்தப் பணத்தில் ஒரு பங்கை முதலாக வைத்திருத்தல் வேண்டும் என்பது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடும் பன்னாட்டுக் குழு வகுத்த விதி. 1988இல் அப்பங்கு 8 விழுக்காடு என்று வரையறுக்கப்பட்டது. கடன்வகையின் ஆபத்துக்கு ஏற்ப நிறை இடும் முறை 2004இல் மேலும் நுணுக்கமாக்கப்பட்டது. வீட்டை அடைமானமாகக் கொண்ட நல்ல கடனுக்கு அம்முறை இட்ட நிறை 35. பிணையில்லாச் சிறு கடனுக்கு 75. அதாவது, நூறு வெள்ளி வீட்டுக் கடனுக்கு வங்கி அப்போது ஒதுக்க வேண்டியிருந்தது 2 வெள்ளி 80 காசு. நூறு வெள்ளிச் சிறு கடனுக்கோ 6 வெள்ளி. இக்கணக்கில் பழுதில்லை, பிணையில்லாக் கடனில் ஆபத்து மிகுதிதான். ஆயினும், வீடுடையவனுக்குக் கொடுப்பது வங்கிக்கு மலிவு. வீடில்லாதவளுக்குக் கொடுப்பது அருமை என்பதே இதன் முடிவு.

மூன்றாவது, செலவு. எண்ணாயிரம் வெள்ளிக் கடனுக்கும் எட்டு லட்சம் வெள்ளிக் கடனுக்கும் வங்கி அலுவலர் நிரப்பும் தாள்களும் பார்க்கும் சோதனைகளும் ஏறத்தாழ ஒன்றே. விதிகள் பெருகப் பெருக அச்செலவும் பெருகுகின்றது. சிறு கடனின் வட்டி அதனைத் தாங்குவதில்லை. எனவே, எவரும் 'ஏழைக்குக் கொடுக்காதே' என்று கட்டளையிடாமலே, ஏழை வாழும் பகுதி வங்கியின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றது.

வங்கிக் கதவு மூடினால் தேவை மறைந்துவிடுமா? அம்மையார் அடகுக்கடைக்குப் போனார். தம் தாலிச் சங்கிலியை வைத்து, கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகையைப் பெற்றார். சீட்டில் வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடு என்று இருந்தது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 24. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு. ஆனால், அவ்வரம்புக்குள் கொடுப்பவரும் சம்பளச் சீட்டைத்தான் முதலில் கேட்கின்றார். பொன்னைப் பூட்டிவைத்துக்கொண்டு கொடுக்கும் கடனுக்கு ஏழை தரும் வட்டி, வெறுங்கையெழுத்தின்பேரில் சம்பளக்காரர் தரும் வட்டியைவிட மிகுதியாக இருப்பதை என்னென்பது! பொன்னும் இல்லாதவர் கதியோ விளக்குக் கம்பத்துத் தாள்தான். அங்கே விதி எதுவும் இல்லை. வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் வீசுவதே அவர்கள் அனுப்பும் நினைவூட்டுக் கடிதம்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோரும் சேமிக்கின்றனர். அவர்கள் சேமிப்பும் வங்கிக்குள் போகின்றது. ஆனால், உள்ளே போன பணம் திரும்பி அவர்கள் தெருவுக்கு வருவதில்லை. வேறு தெருவில் மாளிகையாக எழும்புகின்றது. இந்த அநீதியை வெளிப்படையாகப் பேசி, அதற்கென்றே ஒரு சட்டம் செய்த நாடு அமெரிக்கா. அங்கே 1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களுக்கு நிறம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறம் பெற்றன. ஆபத்தானவை என்பது அதன் பொருள். சிவப்புப் பகுதிக்கு வீட்டுக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. சிகாகோ முதலிய நகரங்களில் குடியிருப்பாளர்கள் நெடுநாள் போராடியதன் விளைவாக, 1977இல் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டம் பிறந்தது. ஒரு வட்டாரத்தில் வைப்புத்தொகை பெறும் வங்கி, தன் பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லாமல், அவ்வட்டாரத்து எளியோரின் கடன் தேவையையும் நிறைவு செய்தல் வேண்டும். வங்கி புதுக் கிளை திறக்கவோ மற்றொரு வங்கியோடு இணையவோ இசைவு கேட்கும்போது, அக்கடமையை எப்படிச் செய்தது என்று மேலாளும் அமைப்பு பார்க்கும். இன்னாருக்கு இத்தனை கடன் கொடு என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 'போய்ப் பார்' என்று மட்டுமே சொன்னது. குறைகள் பல உண்டெனினும், விதி என்பது காவலாக மட்டுமன்றிக் கதவாகவும் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. சிறு வணிகருக்கு வங்கி தரும் கடனுக்குப் பொறுப்பேற்கக் கடன் உத்தரவாதக் கழகம் 1972இல் தோன்றியது. சம்பளச் சீட்டு இல்லாதவரும் வீட்டுக் கடன் பெற உத்தரவாதம் தரும் அரசு நிறுவனம் ஒன்று 2008இல் அமைந்தது. வங்காள தேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி, 1986இல் சிலாங்கூரின் வடமேற்குப் பகுதியில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டு 'அமானா இக்தியார் மலேசியா' என்னும் அமைப்பாக மலர்ந்தது. பிணையில்லை, ஐவர் கொண்ட குழு, குறித்த நாளில் கூட்டம், சிறு சிறு தவணை. ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த பெண்கள். படிக்கும்போதே எனக்கு அம்மாவின் கூட்டு நினைவுக்கு வந்தது. எந்த நம்பிக்கையின்மேல் தோட்டத்துப் பெண்கள் பணம் கட்டினரோ, அதே நம்பிக்கைதான் இங்கும் மூலதனம். வேறுபாடு ஒன்றே: இங்கே கணக்கு எழுதப்படுகின்றது, பணத்தோடு ஓடிப்போக ஒருவருக்கும் வழியில்லை.

ஏழையின் நாணயம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. தோட்டத் துண்டாடலால் மக்கள் நிலைகலங்கிய நாளில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்களின் சிறு சிறு பங்குப் பணத்தைக்கொண்டே அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. நாட்கூலி பெற்றவர்களால் தோட்டத்தையே விலைக்கு வாங்க முடிந்ததென்றால், அவர்களிடம் இல்லாதது நாணயம் அன்று. அதைச் சேர்த்து எழுதிவைக்கும் ஏடே என்பது விளங்கும்.

2024இல் அமானா இக்தியார், இந்தியப் பெண்களுக்கென்று ஐந்து கோடி வெள்ளியில் ஒரு கடன் திட்டத்தை அறிவித்தது. அதற்கு இட்ட பெயர் 'பெண்'. 1971இல் 'கூட்டு' என்ற தமிழ்ச்சொல் தடைச் சட்டத்தின் தலைப்பில் ஏறியது. ஐம்பத்து மூன்று ஆண்டு கழிந்து, மற்றொரு தமிழ்ச்சொல் கடன் கொடுக்கும் திட்டத்தின் தலைப்பில் ஏறியது. மொழி ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி தருவது வேறென்ன?

இம்முறை நான் அம்மையாரிடம் அறிவுரை கூறவில்லை. செய்தியை மட்டும் சொன்னேன். முன்பு நான் காட்டிய வழி அவரைத் தாலியைக் கழற்ற வைத்தது என்னும் குற்ற உணர்வு எனக்கு இருந்தது. அவரே பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசி விண்ணப்பம் செய்தார். சில வாரங்களுக்குப் பின் ஓர் அலுவலர் விடியற்காலையில் கடைக்கே வந்தாராம். எத்தனை பேர் சாப்பிட வருகின்றனர் என்று நின்று பார்த்தாராம். '555' புத்தகக் கட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாராம்.

"ஐயா, அந்தப் புத்தகத்தைப் படித்தாங்க!" என்று அம்மையார் என்னிடம் சொன்னபோது, கடன் கிடைத்த செய்தியைவிட அதைத்தான் பெரிதாகச் சொன்னார். கேட்ட தொகை முழுவதும் வரவில்லை. உணவங்காடி இடமும் அதற்குள் வேறொருவர்க்குப் போய்விட்டது. ஆனால், சங்கிலி மீண்டது. மாவரைக்கும் இயந்திரம் வந்தது. வாரத் தவணை கட்டிய சீட்டுகளை அவர் இப்போது வேறொரு கட்டாகக் கட்டி வைத்திருக்கின்றார்.

ஆசிரியர்களாகிய நாமும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வரவு செலவு எழுதவும், தொழிலைப் பதிவு செய்யவும், சிறு கணக்கொன்றைத் தொடங்கி முறையாகப் பயன்படுத்தவும் நம் மாணவர்க்குக் கற்பிக்கலாம். அவர்கள் வழியாக அவர்தம் தாய்மார்க்கும் அது போய்ச் சேரும். ஆயினும், முழுச் சுமையையும் ஏழையின் தலைமேல் ஏற்றிவிடுவது அறமாகாது. தாள் இல்லை என்று திருப்பி அனுப்பும் விதி பாதி விதியே. எழுந்து போய் அடுப்படியில் நின்று பார்க்கச் சொல்லும் மறுபாதியும் எழுதப்படும்போதுதான், 'நாணயம்' என்னும் சொல்லின் இரு பொருளும் ஒரே ஏட்டில் ஏறும்.